கருவளையத்துக்குச் சிகிச்சை: எந்த வகை என்று பார்த்த பிறகே எந்த மருந்து என்று சொல்ல முடியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வயது 26, பள்ளியில் படித்த காலத்திலிருந்தே கண்களுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது, அம்மாவுக்கும் உண்டு, நேரத்துக்குத் தூங்குகிறீர்கள், தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்கள், வெள்ளரிக்காய், உருளைக்கிழங்குச் சாறு, எலுமிச்சைச் சாறு, பாதாம் எண்ணெய் எல்லாவற்றையும் பூசிப் பார்த்தாகிவிட்டது, மருந்துக்கடையில் கொடுத்த ஒரு கிரீமைத் தடவியபோது ஒரு மாதம் வெளுத்ததுபோல் தெரிந்து, நிறுத்தியதும் எரிச்சலோடு முன்பைவிடக் கறுத்துவிட்டது, இனி லேசர் செய்வதா, ஊசி போட்டுக்கொள்வதா, எதைச் செய்தால் நிரந்தரமாகப் போகும்? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று சிகிச்சை பற்றியது. மற்றதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது: இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஏன் போகவில்லை, நான் எங்கே தவறு செய்கிறேன் என்பது அது. தோல் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இந்தக் கவலையோடு வருகிறவர்களைப் பார்த்துவருவதால், இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் தூக்கத்திலோ சாப்பாட்டிலோ தவறு இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றவில்லை. சிறு வயதிலேயே தொடங்கி, தாய்க்கும் இருக்கிற கருமை பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த தோல் இயல்பு. அதைக் குறைக்க முடியும். அடையாளமே இல்லாமல் அழிக்க முடியும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

கண்ணுக்குக் கீழே தெரியும் கருமை முக்கியமாக மூன்று வழிகளில் உண்டாகிறது. தோலில் மெலனின் என்ற நிறமி கூடுதலாகப் படிந்திருக்கலாம். அல்லது, இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது என்பதாலும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தத் தோலுக்கு அடியில் மற்ற இடங்களில் இருப்பதுபோல் கொழுப்புப் படலம் கிடையாது என்பதாலும், உள்ளே இருக்கும் தசையும் ரத்தநாளங்களும் நீலமாகவோ ஊதாவாகவோ வெளியே தெரியலாம். மூன்றாவது வகையில் தோலின் நிறத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இமைக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விழும் நிழல்தான் கருமையாகத் தெரிகிறது. ஒருவருக்கே இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்தும் இருக்கும். 2011இல் சிங்கப்பூரில் 200 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், சீனர்களிடம் ரத்தநாள வகையும், இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் பிறவியிலேயே அமைந்த நிறமி வகையும் மிகுதியாகக் காணப்பட்டன. நம் புறநோயாளிப் பிரிவுகளில் பார்ப்பதும் அதனோடு ஒத்துப்போகிறது. வெளிநாட்டு ‘ஐ கிரீம்’ விளம்பரங்களில் சொல்லப்படும் பலன் நமக்குக் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்: ரத்தநாளம் தெரிவதையோ வீக்கத்தையோ மனத்தில் வைத்துச் செய்த பொருள், நிறமியை ஒன்றும் செய்யாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் உங்களுக்கு எது என்பதைப் பார்க்க வேண்டும். இதை ஓரளவு நீங்களே செய்யலாம். பகல் வெளிச்சத்தில், சன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, கையில் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். கீழிமைத் தோலை விரல் நுனியால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே இருந்து தோலோடு சேர்ந்து நகர்ந்தால் அது பெரும்பாலும் நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ இன்னும் அழுத்தமாகத் தெரிந்தால் ரத்தநாளமும் தசையும் தெரிகின்றன என்று பொருள். பிறகு முகத்தை மேல்நோக்கித் தூக்கி, வெளிச்சம் நேராகக் கண்ணுக்குக் கீழே விழும்படி செய்யுங்கள். கருமை பெருமளவு மறைந்துவிட்டால் அது நிழல். மேலிமையிலும் கருமை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் மேலிமை, கீழிமை இரண்டையும் சுற்றி வளையமாக வரும் பழுப்பு நிறம் நிறமி வகையின் பக்கம் சுட்டுகிறது. இந்தச் சோதனை முடிந்த முடிவு அன்று. மருத்துவர் உருப்பெருக்கியில் பார்க்கும்போது நீங்கள் நிழல் என்று நினைத்ததற்குள் நிறமியும் இருக்கக்கூடும். ஆனால் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை இது காட்டிவிடும். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை என்பதால், இனி எழுதுவதெல்லாம் உங்கள் விவரணையை வைத்து எழுதுவது என்பதை மறக்க வேண்டாம்.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தூக்கம் கெட்டால் கண்ணுக்குக் கீழே கருமை கூடித் தெரியும் என்பது வெறும் பாட்டி சொல் இல்லை. சுவீடனில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே ஆட்களை நன்றாகத் தூங்கிய பிறகும் தூங்கவிடாமல் வைத்த பிறகும் படம் பிடித்து, விவரம் தெரியாதவர்களிடம் காட்டியபோது, தூங்காத முகங்களில் கருவளையமும் வீக்கமும் கூடுதலாக இருப்பதாகவே அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் இது ஒருநாள் இரண்டுநாள் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது. பத்து ஆண்டுகளாக ஒரே அளவில் இருக்கும் பழுப்பு நிறத்தைத் தூக்கம் உண்டாக்கியதும் இல்லை, தூக்கத்தால் அது போகப்போவதும் இல்லை. ‘ராத்திரியெல்லாம் போன் பார்க்கிறாயா’ என்று கேட்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிறவி இயல்பு என்று சொன்னேன் என்பதற்காக அதை மேலும் கறுக்கச் செய்யும் காரணங்களை விட்டுவிடக் கூடாது. நடைமுறையில் சிகிச்சையால் அதிகம் மாறுவது இந்தப் பகுதிதான். முதலாவது கண்ணைக் கசக்குவது. நம் நிறத் தோலில் எந்த அழற்சியும் எந்த உராய்வும் ஆறிய பிறகு கருமையை விட்டுச் செல்லும். கண் அரிப்பு, காலையில் எழுந்ததும் தொடர் தும்மல், மூக்கடைப்பு, சிறு வயதில் கரப்பான், குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, இவற்றில் ஏதாவது இருந்தால் ஒவ்வாமைக்கு மருந்து சாப்பிடுவதும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதும் எந்தக் கிரீமையும்விடக் கூடுதலாக உதவும். மூக்கு அடைத்திருக்கும்போது இமையிலிருந்து திரும்பும் ரத்தம் தேங்குவதால் குழந்தைகளுக்குக்கூடக் கண்ணடியில் நீலம் பாய்வதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு வேண்டியது மூக்குக்கான மருத்துவம். கணினியில் வேலை செய்கிறவர் என்றால் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சரியான பவர் இல்லாத கண்ணாடி அணிகிறவர்கள் தங்களை அறியாமல் நாளெல்லாம் கண்ணைத் தேய்க்கிறார்கள்.

இரண்டாவது, கண்ணருகே படும் பொருள்கள். கண்மை, மஸ்காரா, ஐலைனர், அவற்றைத் துடைக்கும் திரவம், தலைச்சாயம், தலைவலித் தைலம், கண்ணாடிச் சட்டத்தின் உலோகம் ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை சிவந்து வீங்கித்தான் வர வேண்டும் என்பதில்லை. சிலருக்கு அரிப்புகூடத் தெரியாமல் கருமையாக மட்டும் படியும். நகப்பூச்சால் விரலில் ஒன்றும் வராமல் இமையில் வருவதும் உண்டு, ஏனென்றால் விரல் அடிக்கடி தொடும் மிக மெல்லிய தோல் அதுதான். சந்தேகம் இருந்தால் இரண்டு மாதங்களுக்குக் கண்மையையும் மற்றவற்றையும் முழுமையாக நிறுத்திப் பார்ப்பதும், தேவையானால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்வதும் நல்லது. கண்ணில் தீட்டிக்கொள்ள சுர்மா என்று விற்கப்படும் பொடிகளில் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதித்து உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. அதைக் கருவளையத்துக்காக மட்டுமல்ல, எதற்காகவும் பயன்படுத்த வேண்டாம், கைக்குழந்தைகளுக்கு ஒருபோதும் வேண்டாம்.

உடம்புக்குள் இருக்கும் காரணங்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரத்தசோகை இருப்பவர்களுக்குச் சுற்றியுள்ள தோல் வெளிறுவதால் கருவளையம் எடுப்பாகத் தெரிகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு. அதனால் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது எப்படியும் நியாயமான செலவு. குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரை சாப்பிடுங்கள். ரத்தசோகையால் களைப்போ மூச்சிரைப்போ இருந்தால் அதற்கு அது உதவும். கருவளையம் அதனால் எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம், அதை எதிர்பார்த்துச் சாப்பிட வேண்டாம். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்த கருமை இருந்து, நெற்றி ஓரமும் கண்ணைச் சுற்றியும் அதே கருமை பரவியிருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அப்போது சர்க்கரைப் பரிசோதனையும், மாதவிடாய் ஒழுங்கின்றி வந்தால் சினைப்பைக்கான பரிசோதனையும் தேவை, எடை குறையும்போது அந்தக் கருமையும் மெல்லக் குறைகிறது. கண் நீர் அழுத்த நோய்க்கு லட்டானோபிராஸ்ட், பைமாட்டோபிராஸ்ட் வகைச் சொட்டு மருந்து விடுகிறவர்களுக்கு இமை கறுத்து, கண்மயிர் நீளும். இது உங்கள் வயதில் அரிது, ஆனால் இதைப் படிக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால், கருமைக்குப் பயந்து சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும், பார்வை அதைவிடப் பெரிது. காலையில் இமை வீங்கி, காலும் வீங்கினால் சிறுநீரையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீலச்சாம்பல் நிறத்தில் இருந்து கண்ணின் வெள்ளை விழியிலும் அந்த நிறம் தெரிந்தால் அது வேறு வகை மச்சம். தோல் மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டியது.

இப்போது அந்த மருந்துக்கடை கிரீமுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி இது. பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் தடவிய சில நாட்களில் வெளுத்தது, நிறுத்தியதும் எரிச்சலோடு முன்பைவிடக் கறுத்தது என்ற வரலாற்றை நாங்கள் வாரந்தோறும் கேட்கிறோம், பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது மூன்று மருந்துகள் கலந்த ஒரு கிரீம்: நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், இவற்றோடு மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கலவைக்கு மருத்துவத்தில் நியாயமான இடம் இருக்கிறது. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மனும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்ட வாய்ப்பாட்டின் வழிவந்தது அது. கன்னத்தில் வரும் மங்குக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் கொடுத்து நிறுத்துவதற்கானது. மேற்பார்வையில்லாமல் மாதக்கணக்கில் இமைத்தோலில் பூசுவதற்கானது அன்று. ஸ்டீராய்டு ரத்தநாளங்களைச் சுருக்கி, அழற்சியை அடக்கி, நிறமி உற்பத்தியையும் குறைப்பதால் முதல் மாதம் அழகாகவே தெரியும். அதே நேரத்தில் ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் தோலை அது இன்னும் மெலியச் செய்கிறது. ரத்தநாளங்கள் விரிந்து சிவப்புக் கோடுகளாகத் தெரியத் தொடங்குகின்றன. முகப்பரு வருகிறது, ரோமம் வளர்கிறது. நிறுத்தினால் சிவந்து எரிந்து, அந்த அழற்சியே புதிய கருமையை உண்டாக்குகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசினால் அடங்கும், அதனால் விட முடியாமல் போகும். இமையில் தொடர்ந்து பூசப்படும் ஸ்டீராய்டு கண்ணுக்குள்ளும் சென்று கண் நீர் அழுத்தத்தைக் கூட்டலாம், கண்புரையை வரவழைக்கலாம். வலியே இல்லாமல் பார்வையைப் பறிக்கும் நோய் கண் நீர் அழுத்தம் என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தியாவில் தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதி கடுமையாக்கப்பட்டது; தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் விளைவு அது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முகத்தைப் பற்றிய கவலையோடு கடைக்குப் போகிறவருக்கு அந்த ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பது புரிய வழியில்லை. ‘சோன்’, ‘சோல்’, ‘லோன்’ என்று முடியும் பெயர்கள் தென்பட்டால் (மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், ஃப்ளூவோசினோலோன்) அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் காட்டாமல் பூசாதீர்கள். நீங்கள் சில வாரங்கள் மட்டுமே பூசியிருந்தால் நிறுத்திவிட்டு வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் பயன்படுத்தினால் பெரும்பாலும் தோல் தானாகத் தேறும். மாதக்கணக்கில் பூசியிருந்தால் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள், ஏனென்றால் படிப்படியாகக் குறைப்பதா, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். கண் மருத்துவரிடமும் ஒருமுறை கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். ஹைட்ரோகுவினோனும் நீண்ட காலம் தொடர்ந்தால் நீலக்கருப்பாக, அழிக்கவே கடினமான ஒரு நிறப்படிவை உண்டாக்கக்கூடும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டியில் மூலப்பொருள் பட்டியலே இல்லாத வெளுப்பு கிரீம்களில் இன்னொரு ஆபத்து பாதரசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

வீட்டு வைத்தியத்தில் நீங்கள் செய்தவை பெரும்பாலும் தீங்கில்லாதவை, எலுமிச்சை தவிர. குளிர்ந்த வெள்ளரித் துண்டும் ஈரத்துணியும் ரத்தநாளங்களைச் சுருக்கி வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். அந்த வேலையைச் செய்வது குளிர்ச்சிதான். உருளைக்கிழங்குச் சாறு நிறமியைப் போக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் புண்ணாகிக் கறுக்கும், பற்பசையும் சமையல் சோடாவும் இமைத்தோலை எரிக்கும். பாதாம் எண்ணெயால் வறட்சி குறைந்து சுருக்கக் கோடுகள் சற்று மங்கும், அவ்வளவே. எதைப் பூசினாலும் அழுத்தித் தேய்த்தால் அந்தத் தேய்ப்பே கருமைக்குக் காரணமாகிவிடும்.

இனி, எது உதவும்? நிறமி வகை என்றால் எல்லாவற்றுக்கும் முதலில் வெயில் காப்பு. நம் நிறத் தோலைக் கறுக்கச் செய்வது புற ஊதாக் கதிர் மட்டுமன்று, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்கச் செய்கிறது. அதனால் அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் வெள்ளை நிறத்தவற்றைவிடக் கூடுதலாகப் பாதுகாக்கிறது. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், கண் எரியாமலிருக்க ஜிங்க் ஆக்ஸைடு அடிப்படையிலானது, கூடவே அகலமான குளிர்க் கண்ணாடி. இதைச் செய்யாமல் மற்ற எதற்கும் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. இரவில், எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து. நியாசினமைடு 4 அல்லது 5 விழுக்காடு தோலுக்கு ஒத்துக்கொள்ளும், மெதுவாக வேலை செய்யும். அசெலாயிக் அமிலம் 10 விழுக்காடு கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தத்தக்கது. வைட்டமின் சி பயன் தருவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அதன் பல தயாரிப்புகள் காற்றுப்பட்டுப் பழுப்பாகி வீணாகிவிடுகின்றன. குறைந்த அளவு ரெட்டினால் தோலைச் சற்றுத் தடிக்கவைத்து நிறமியையும் குறைப்பதால் இரண்டு வகைக்கும் உதவும். வாரத்துக்கு இரண்டு இரவுகளில் தொடங்கி, கண்ணுக்குக் கீழே தொட்டால் எலும்பு தெரியும் இடத்தில் மட்டும், ஒரு பட்டாணி அளவில் பாதியை இரு பக்கத்துக்கும் பூச வேண்டும், இமை விளிம்பில் பூசக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ ரெட்டினால் வேண்டவே வேண்டாம். எதிலும் மூன்று மாதத்துக்கு முன் பலனை எதிர்பார்க்க முடியாது. எரிந்தால் நிறுத்துங்கள், எரிச்சலைத் தாங்கிக்கொண்டு தொடர்வது நம் தோலுக்கு ஆகாது. காஃபின், வைட்டமின் கே சேர்ந்த ஐ கிரீம்கள் வீக்கத்தையும் நீல நிறத்தையும் சற்றுக் குறைக்கலாம் என்பதற்கு அப்பால் சொல்வதற்குச் சான்று போதாது.

நீங்கள் கேட்ட லேசருக்கு நேரான பதில்: இப்போது வேண்டாம். எரிச்சல் தணியாத, ஸ்டீராய்டு பட்ட தோலில் லேசர் செய்தால் கருமை கூடும் ஆபத்தே அதிகம். தோல் தேறிய பிறகு, நிறமி ஆழத்தில் இருப்பது உறுதியானால், 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட கியூ-சுவிட்ச்டு என்டி-யாக் லேசரைக் குறைந்த சக்தியில், பல அமர்வுகளாக, கண்ணுக்குள் கவசம் வைத்து, கருநிறத் தோலில் அனுபவமுள்ளவர் செய்தால் சிலருக்கு முன்னேற்றம் தெரிகிறது. அந்த முன்னேற்றம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் சொல்லவில்லை, அவற்றில் பெரும்பாலானவை சில பத்துப் பேரை மட்டும் சில மாதங்கள் பின்தொடர்ந்தவை. லாக்டிக் அமிலம் போன்றவற்றால் தோலின் மேல்படலத்தை உரிக்கும் மென்மையான பீல்களுக்கும் இதையே சொல்லலாம். பியூட்டி பார்லரில் கண்ணருகே பீலோ லேசரோ செய்துகொள்ள வேண்டாம். உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிளேட்லெட் ஊசி இப்போது பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. ரத்தநாளம் தெரியும் வகையில் சிலருக்குத் தோலின் தன்மை மேம்படுகிறது என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன். குளூட்டாதயோன் ஊசிக்கு வெளுப்புச் சிகிச்சையாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்ததில்லை, அதன் ஆபத்துகளைப் பற்றி எச்சரிக்கவும் செய்திருக்கிறது. அதைக் கருவளையத்துக்காக நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை.

ஊசி என்று நீங்கள் குறிப்பிட்டது பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் என்றால், அது நிழல் வகைக்கு மட்டுமே உரியது. சுவரில் உள்ள குழி சுண்ணாம்பு பூசினால் நிரம்பாததுபோல், பள்ளத்தின் நிழலுக்குக் கிரீம் உதவாது. அதேபோல் நிறமிக்கு ஃபில்லர் உதவாது. ஹயலுரானிக் அமில ஃபில்லர் சரியான ஆளுக்குச் சரியான ஆழத்தில் போடப்பட்டால் உடனே பலன் தெரியும். ஆழம் தவறினால் மெல்லிய தோல் வழியே அது நீலமாகத் தெரியும், அல்லது மாதக்கணக்கில் வீக்கம் நிற்கும். மிக அரிதாக, ஊசி ரத்தநாளத்துக்குள் சென்று, விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துப் பார்வை பறிபோயிருக்கிறது. அமெரிக்காவில்கூட இந்த இடத்துக்கென்று ஒரு ஃபில்லருக்கு 2022இல்தான் முதன்முதலாக ஒப்புதல் கிடைத்தது. போட்டுக்கொள்வதற்கு முன், ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்து கையருகே இருக்கிறதா, ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். வயது கூடி இமையடியில் கொழுப்புப் பை துருத்தி நிற்பவர்களுக்கு அறுவைச் சிகிச்சையே நிலையான தீர்வு. 26 வயதில் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட காலத்தில் ஒப்பனை செய்துகொள்வதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். இளம் ஆரஞ்சு அல்லது பீச் நிற கரெக்டரை மெல்லத் தட்டி, அதன் மேல் உங்கள் நிறத்துக்கு ஏற்ற கன்சீலரைத் தடவினால் நீலமும் பழுப்பும் அடங்கித் தெரியும். வாசனையில்லாததாக வாங்குங்கள், இரவில் தேய்க்காமல் எண்ணெய்ப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

உங்கள் நிலையில் நான் சொல்லும் வரிசை இது. பூசும் எல்லாவற்றையும் இன்றே நிறுத்தி (அந்தக் கிரீமை மாதக்கணக்கில் பூசியிருந்தால் முதலில் தோல் மருத்துவரைக் கேட்டு), நான்கு முதல் ஆறு வாரங்கள் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும். நிறுத்தியதும் சிவந்து எரிந்தால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம். அதற்குள் ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும். பிறகு மேலே சொன்னவற்றில் ஒன்றைத் தொடங்கி, மூன்று மாதம் வரை வேறெதையும் சேர்க்காமல் இருங்கள். தொடங்கும் நாளில் ஒரு படமும், அதே சன்னல், அதே நேரம், அதே போனில் மூன்று மாதம் கழித்து ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய முடியாது. கருமை குறையும், ஓரங்கள் மங்கும், ஆனால் அம்மாவிடமிருந்து வந்த அந்த மெல்லிய நிறவேறுபாடு ஓரளவு இருக்கும் என்பதே நான் நியாயமாகச் சொல்லக்கூடிய எதிர்பார்ப்பு. நிறுத்தினால் சிலருக்குத் திரும்பவும் கறுக்கும் என்பதால் சன்ஸ்கிரீனை மட்டும் விடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களைக் காலியாக இருந்தாலும் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள், எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். லேசர் வேண்டுமா என்ற முடிவை அவர் அந்தப் பெயர்களைப் பார்த்த பிறகு எடுக்கட்டும்.